பிஸ்கட் வீடு கட்டுவது எப்படி? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும்

வெளியே விளையாடப் போக முடியாத பிற்பகல்களில் குழந்தைகளோடு சேர்ந்து செய்வதற்கு பிஸ்கட் வீட்டை விடப் பொருத்தமான கைவேலை எனக்குத் தெரியாது. பிஸ்கட்டுகளைச் சுவர்களாக நிறுத்தி, சர்க்கரைப் பசையால் ஒட்டி, கூரை வேய்ந்து, மிட்டாய்களால் அலங்கரித்து, சில நாள் அழகு பார்த்துவிட்டுப் பிறகு உடைத்துத் தின்பதே இந்த வேலை. சரியாக வராமல் பாதியில் கைவிட்டவர்களும், தொடங்குவதற்கு முன்பே தயங்குபவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பசையின் பதம், வெட்டும் வேலை, காய்வதற்கான நேரம் ஆகிய மூன்றையும் பெரியவர் பார்த்துக்கொண்டு மற்ற அனைத்தையும் குழந்தையின் கையில் விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

கடையில் வாங்கிய பிஸ்கட்டைப் பயன்படுத்தினால் கைவேலைக்கு மட்டும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் சுவர்கள் நின்ற பிறகு கூரை போடுவதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் காய விட வேண்டும். கூரை போட்ட பிறகு அலங்கரிப்பதற்கு முன்பும் அவ்வாறே விட வேண்டும். ஆகவே காலையில் சுவர், மதிய உணவுக்குப் பின் கூரை, மாலையில் அலங்காரம் என்று நாளைப் பிரித்துக்கொண்டால் குழந்தையின் பொறுமையும் தாங்கும், வீடும் தாங்கும். ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்று உட்காரும்போதுதான் பெரும்பாலான வீடுகள் சரிகின்றன.

எந்த வயதுக் குழந்தைகளுக்கு இது ஏற்றது?

மூன்று வயதுக் குழந்தைகூட இதில் பங்கெடுக்கலாம். ஆனால் அந்த வயதில் சுவர் நிறுத்தும் வேலையைத் தர வேண்டாம். முந்தைய நாள் இரவே வீட்டை ஒட்டிக் காய வைத்துவிட்டு, அலங்கரிப்பதை மட்டும் அவர்களிடம் விடுங்கள். ஐந்து, ஆறு வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியும். எட்டு வயதுக்கு மேல் பசை பிழிவது, அளவு பார்ப்பது, தாளில் வரைபடம் போட்டுக்கொள்வது எல்லாமே அவர்களால் இயலும். கத்தியும் சூடான அடுப்பும் எந்த வயதிலும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும்.

எந்த வகை பிஸ்கட் நன்றாக நிற்கும்?

தட்டையாகவும், நான்கு பக்கமும் நேராகவும், உலர்ந்து கெட்டியாகவும் இருக்கும் செவ்வக பிஸ்கட்டே சிறந்தது. நடுவில் கிரீம் வைத்தவை வழுக்கிப் பிரியும். வெண்ணெய் மிகுந்தவை வாயில் கரைவதுபோலவே கையிலும் உதிரும். ஓரம் வளைந்தவற்றை ஒட்டும்போது இடைவெளி விழும். வாங்கியவுடன் ஒன்றை மேசைமேல் நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். தானாகவே நொடிப்பொழுது நின்றால் அது சுவருக்கு ஆகும். தேவைப்படுவதைப்போல் இரு மடங்கு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் சில உடையும், சில வாய்க்குள் போகும்.

சர்க்கரைப் பசையை எப்படிச் செய்வது?

வீடு நிற்பதும் விழுவதும் இந்தப் பசையைப் பொறுத்தது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அடிப்படைப் பொருள் ஐசிங் சர்க்கரை. இது மிக நைசாக அரைக்கப்பட்டு, கட்டி பிடிக்காமலிருக்கச் சிறிதளவு சோள மாவு கலக்கப்பட்ட சர்க்கரை. கிடைக்காவிட்டால் ஒரு கிண்ணம் சாதாரணச் சர்க்கரையோடு ஒரு மேசைக்கரண்டி சோள மாவைச் சேர்த்து, ஈரமில்லாத மிக்ஸியில் மாவுபோல அரைத்து, சலித்துக்கொள்ளலாம். சலிக்காமல் விட்டால் ஒற்றைக் குருணைகூட பிழியும் துளையை அடைத்துவிடும்.

வலுவான பசைக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கருவுக்கு ஏறத்தாழ 200 கிராம் ஐசிங் சர்க்கரை என்பது கணக்கு. வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அடித்துக்கொண்டே வர வேண்டும். தண்ணீர் ஆவியாகப் போகப்போக, வெள்ளைக்கருவில் உள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து இறுகிச் சுண்ணாம்புபோல் கெட்டியாகிவிடும்.

பதம் பார்ப்பதற்கு எளிய வழி உண்டு. கரண்டியைப் பசையில் அமிழ்த்தி மேலே தூக்குங்கள். கரண்டியின் நுனியில் கூம்புபோல் எழுந்த பசை மடங்காமல் அப்படியே நின்றால் அது சுவர் ஒட்டும் பதம். நுனி மெல்ல வளைந்து தலை சாய்த்தால் அது ஓரங்களில் கோலம்போல் இழுத்து அலங்கரிக்கும் பதம். கரண்டியிலிருந்து நூலாக வழிந்தால் அது கூரைமேல் பனி படர்ந்ததுபோல் ஊற்றுவதற்கு மட்டுமே உதவும். அதைக்கொண்டு எதையும் ஒட்ட முடியாது. தளர்ந்துவிட்டால் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும், மிக இறுகிவிட்டால் சில சொட்டுத் தண்ணீரும் சேர்த்துச் சரிசெய்யலாம். சொட்டுச் சொட்டாகவே சேர்க்க வேண்டும். இந்தப் பசையில் அரைத் தேக்கரண்டித் தண்ணீர்கூடப் பெரிய மாற்றத்தை உண்டாக்கும்.

பச்சை முட்டையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? முட்டையே இல்லாமல் செய்ய முடியாதா?

பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு. சிறு குழந்தைகளை அது கடுமையாகத் தாக்கக்கூடும். எனவே வெள்ளைக்கரு சேர்ப்பதாக இருந்தால் பாஸ்டரைஸ் செய்யப்பட்டதையோ, உலர்த்திப் பொடியாக்கி விற்பதையோ வாங்கிப் பயன்படுத்துங்கள். இவை கிடைக்காவிட்டால் முட்டையைத் தவிர்த்துவிடுவதே மேல்.

முட்டையில்லாப் பசைக்கு 200 கிராம் ஐசிங் சர்க்கரையில் நான்கு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறோ தண்ணீரோ விட்டு, கரண்டியால் நன்கு அழுத்திக் குழைக்க வேண்டும். முதலில் உதிரியாகத்தான் தெரியும். அவசரப்பட்டு மேலும் தண்ணீர் விட்டுவிடாமல் இரண்டு நிமிடம் குழைத்தால் சேர்ந்து வரும். இது காய்வதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும், பிடிப்பும் சற்றுக் குறைவு. சிறிய வீட்டுக்கு இதுவே போதும். கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டியான நீரும் வெள்ளைக்கருவைப் போலவே நுரைக்கும் தன்மையுடையது. ஒரு வெள்ளைக்கருவுக்குப் பதிலாக இரண்டிலிருந்து மூன்று மேசைக்கரண்டி எடுத்துக்கொள்ளலாம். உப்புப் போடாமல் வேகவைத்ததாக இருக்க வேண்டும்.

உருக்கிய சாக்லேட்டையோ சர்க்கரைப் பாகையோ பசையாகப் பயன்படுத்தலாமா?

சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதாவது நம் உடல் சூட்டைவிடக் குறைவான வெப்பத்திலேயே. குளிர்ந்த அறையில் அது விரைவாக இறுகி நல்ல பசையாகும்; வெப்பமான நாளில் கூரையோடு சேர்ந்து அதுவும் இறங்கிவிடும். உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் திரிந்து கட்டியாகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சர்க்கரையை உருக்கிப் பொன்னிறப் பாகாக்கி ஒட்டும் வழக்கமும் உண்டு. அது நொடியில் இறுகும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாகின் வெப்பம் 160 டிகிரியைத் தாண்டியிருக்கும். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைகள் சுற்றி நிற்கும் மேசையில் இதை வைக்கவே கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

பசை பிழிவதற்கு எந்தக் கருவியும் இல்லையே?

தேவையில்லை. உணவு வைக்கும் தடித்த ஜிப் பையின் ஒரு மூலையில் பசையை நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, நுனியை மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் கத்தரித்தால் போதும். பெரிதாக வெட்டிவிட்டால் திரும்பச் சிறிதாக்க முடியாது. பையின் வாயை ரப்பர் வளையத்தால் இறுகக் கட்டிக் கொடுத்தால் குழந்தை அழுத்தும்போது பின்பக்கமாகப் பிதுங்காது. பயன்படுத்தாத நேரத்தில் நுனியை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். கிண்ணத்தில் மீதமுள்ள பசையையும் ஈரத் துணியால் மூட வேண்டும். திறந்து கிடந்தால் பத்து நிமிடத்தில் மேலே ஆடை படிந்து இறுகிவிடும்.

முதல்முறை கட்டுபவர்கள் எந்த வடிவத்தில் தொடங்கலாம்?

கூடாரத்தில் தொடங்குங்கள். ஒரே அளவுள்ள மூன்று செவ்வக பிஸ்கட்டுகளை எடுத்து, ஒன்றைத் தரையாகக் கிடத்தி, அதன் இரு நீள ஓரங்களிலும் பசை பிழிந்து, மற்ற இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று சாயும்படி உச்சியில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. மூன்றின் அகலமும் சமமாக இருப்பதால் முன்பக்கத்திலிருந்து பார்க்கையில் அது சமபக்க முக்கோணம். கோணங்கள் ஒவ்வொன்றும் 60 டிகிரி. முக்கோணம் தானாக நெளியாத வடிவம் என்பதால் ஐந்து வயதுக் குழந்தை கட்டினாலும் நிற்கும்.

அடுத்த நிலை பெட்டி வீடு. நான்கு சுவர்களை ஒரு தட்டின்மேலோ கெட்டி அட்டையின்மேலோ நிறுத்த வேண்டும். முதலில் சுவர்கள் நிற்கப்போகும் இடத்தில் பசையால் தடித்த கோடு இழுத்துக்கொண்டு, அந்தக் கோட்டுக்குள் பிஸ்கட்டின் அடிப்பக்கத்தைச் சிறிது அமிழ்த்தி நிறுத்துங்கள். அடுத்த சுவரை முதல் சுவரோடு செங்கோணமாகச் சேருங்கள். ‘ட’ வடிவில் சேர்ந்த இரண்டு சுவர்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். தனிச் சுவருக்கு அந்த வலு கிடையாது. மூலைகளின் உட்புறத்தில் வெளியே தெரியாதவாறு இன்னொரு வரி பசை பிழிந்துவிட்டால் வீட்டின் ஆயுள் கூடும்.

சுவரைப் பிடித்திருக்கும் வேலை குழந்தைக்குரியது. விரல்கள் பிஸ்கட்டை அழுத்தாமல் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே காட்டுங்கள். எங்கள் வீட்டில் நூறு வரை மெதுவாக எண்ண வேண்டும் என்பது விதி. எழுபதைத் தாண்டும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, நாக்கை உதட்டோரம் நீட்டியபடி, கண்ணிமைக்காமல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும் முகத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. நூறு முடிந்து விரலை எடுத்த பிறகும் சுவர் நிற்கும்போது அந்த முகத்தில் தெரியும் வியப்புக்காகவே இந்த வேலையில் இறங்கலாம்.

இன்னும் எளிதான வழி வேண்டுமானால், கழுவி உலர்த்திய சிறிய பால் அட்டைப் பெட்டியை நடுவில் வைத்து அதன் நான்கு பக்கமும் பிஸ்கட்டை ஒட்டிவிடலாம். உள்ளே தாங்கல் இருப்பதால் எதுவும் சரியாது. பல குழந்தைகள் ஒரே நேரத்தில் கட்டும்போது நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

பிஸ்கட்டை வெட்டும்போதெல்லாம் உடைந்துவிடுகிறதே?

அழுத்தி வெட்டுவதே காரணம். ரொட்டி அறுக்கும் பல் வைத்த கத்தியை எடுத்து, வெட்ட வேண்டிய கோட்டில் அழுத்தமே கொடுக்காமல் முன்னும் பின்னும் மெல்ல இழுத்து, முதலில் ஒரு தடம் உண்டாக்குங்கள். பிறகு அதே தடத்தில் பொறுமையாக அறுத்துக்கொண்டே போனால் நேராகப் பிரியும். முக்கோண முகப்பு வேண்டுமென்றால் நிமிர்ந்த பிஸ்கட்டின் மேல் மூலைகள் இரண்டையும் இவ்வாறு சாய்வாக அறுத்து எடுக்கலாம். அப்படியும் உடைந்துவிட்டால் உடைந்த ஓரங்களில் பசை தடவிச் சேர்த்து, படுக்கவைத்துக் காயவிடுங்கள். ஒட்டிய தழும்பின்மேல் பிறகு ஒரு கொடியோ சன்னலோ வந்துவிடும்.

சுவர் நிற்கிறது, கூரை மட்டும் சரிந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

சுவர்ப் பசை காய்வதற்கு முன் கூரை வைத்திருப்பீர்கள். மேலே தொட்டால் உலர்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரம் இருக்கும். நான் முதன்முதலில் கட்டிய வீட்டில் இருபது நிமிடத்திலேயே கூரையை ஏற்றிவிட்டேன். கூரையின் பாரம் பக்கச் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ள, நான்கு சுவர்களும் பூ விரிவதுபோல் மெல்லத் திறந்து விழுந்தன. அன்று அருகிலிருந்த குழந்தை அழுததை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து நான் கூரையைத் தொட்டதில்லை.

காய்ந்த பிறகும் சரிந்தால், கூரையின் கீழ் ஓரத்துக்கு அடியில் ஒத்த உயரமுள்ள டப்பாக்களையோ குவளைகளையோ முட்டுக் கொடுத்து வையுங்கள். பசை இறுகிய பிறகு அவற்றை எடுத்துவிடலாம். கூரை மிகத் தட்டையாக இருந்தால் சுவரை வெளியே தள்ளும், மிகச் செங்குத்தாக இருந்தால் தானே வழுக்கும். ஏறத்தாழ 45 டிகிரிச் சாய்வு எளிதாகக் கையாள ஏற்றது. கனமான மிட்டாய்களைக் கூரையின் உச்சியில் குவிக்காமல் கீழ் வரிசையிலிருந்து தொடங்கி மேலே போவதும் உதவும்.

பிஸ்கட்டையும் வீட்டிலேயே சுட்டுக்கொள்ளலாமா?

தாராளமாகச் சுடலாம், வேண்டிய வடிவில் கிடைக்கும் என்பது பெரிய வசதி. 300 கிராம் மைதா, 125 கிராம் வெண்ணெய், 100 கிராம் பொடித்த சர்க்கரை ஆகியவற்றை விரல் நுனிகளால் பிசறி, இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால் தெளித்து உருட்டிக்கொள்ளுங்கள். பேக்கிங் பவுடர் சேர்க்க வேண்டாம். அது உப்பி ஓரங்களின் நேர்த்தியைக் கெடுத்துவிடும். இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு இடையில் ஐந்து மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அட்டையில் வெட்டிய அச்சுகளை மேலே வைத்து வெட்டி, அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, 170 டிகிரி செல்சியஸில் பதினைந்திலிருந்து பதினெட்டு நிமிடம் சுட வேண்டும்.

ஓவனிலிருந்து எடுத்தவுடன், சூடு ஆறுவதற்குள், அதே அச்சை மேலே வைத்து ஓரங்களை மறுபடி வெட்டி நேராக்குங்கள். மாவு எப்படியும் சற்று விரிந்திருக்கும்; சூடாக இருக்கும்போது வெண்ணெய்போல் வெட்டுப்படும், ஆறிவிட்டால் நொறுங்கும். முழுதாக ஆறிய பிறகே ஒட்ட வேண்டும். பச்சை மாவைக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ள விடாதீர்கள். முட்டை சேர்க்காத மாவாக இருந்தாலும், வேகாத மைதாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும்.

சன்னலுக்குக் கண்ணாடி வைக்க முடியுமா?

முடியும், சொந்தமாக பிஸ்கட் சுடுபவர்களுக்கு இது மிகச் சுலபம். சுவரில் சதுரமாகத் துளை வெட்டி, பட்டர் பேப்பர்மேல் வைத்துச் சுட்டு முடிக்கும் தறுவாயில், நிறமுள்ள, ஒளி ஊடுருவும் கெட்டி மிட்டாயைப் பொடித்து அந்தத் துளையில் நிரப்பி மேலும் ஐந்து நிமிடம் ஓவனில் வைத்தால் உருகிப் பரவிக் கண்ணாடியாகிவிடும். முழுதாக ஆறும்வரை தொடக் கூடாது. மிட்டாயைத் துணியில் முடிந்து குழவியால் தட்டிப் பொடிக்கும் வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள், மகிழ்ச்சியோடு செய்வார்கள். மின்கலத்தில் எரியும் சிறு விளக்கை வீட்டுக்குள் வைத்தால் சன்னல் ஒளிரும்; மெழுகுவர்த்தி வேண்டாம்.

அலங்கரிக்க எவற்றைப் பயன்படுத்தலாம்? எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

தின்னக்கூடியதும் இலேசானதுமான எதுவும் ஆகும். உலர்ந்த திராட்சை, தேங்காய்த் துருவல், மெல்லிய குச்சி பிஸ்கட், காலை உணவுக்கான தானிய வளையங்கள், எள், சீவிய பாதாம் ஆகியவை எல்லாம் நன்றாக ஒட்டிக்கொள்ளும். சீவிய பாதாமை மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி அடுக்கினால் ஓட்டுக்கூரை. தேங்காய்த் துருவலைத் தூவினால் பனி. உலர்ந்த பொருள்கள் மட்டுமே வேண்டும். புதிய பழத்துண்டுகளை ஒட்டினால் அவற்றின் சாறு பிஸ்கட்டை ஒரே இரவில் நமத்துப்போகச் செய்துவிடும்.

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இருந்தால் முழுப் பருப்புகள், உருண்டையான கெட்டி மிட்டாய்கள், சோளப்பொரி, மார்ஷ்மெல்லோ ஆகியவற்றை மேசைக்கே கொண்டுவர வேண்டாம். இவை தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கக்கூடியவை. அண்ணனோ அக்காவோ தின்னும்போது தம்பியும் எடுத்து வாயில் போட்டுக்கொள்வான் என்பதால், பெரிய குழந்தைகளுக்கு மட்டும் தனியாகத் தருவது என்ற ஏற்பாடு நடைமுறையில் பலிப்பதில்லை.

நிறம் சேர்ப்பதில் கவனிக்க வேண்டியவை யாவை?

நீர்ம நிறத்தைவிட ஜெல் நிறம் நல்லது, ஏனெனில் அது பசையைத் தளர்த்துவதில்லை. சில சொட்டு பீட்ரூட் சாறு இளஞ்சிவப்பும், ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் மஞ்சளும், கோகோ தூள் பழுப்பும் தரும். செயற்கை நிறங்களுள் ஆறு வகைகளைச் சேர்த்த உணவுகளில், அவை குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்னும் எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. டார்ட்ரசீன் அவற்றுள் ஒன்று. வாங்கும்போது உறையைப் படித்துப் பாருங்கள்.

மினுக்குத் தூளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ‘நச்சற்றது’ என்று உறையில் எழுதியிருப்பதாலேயே அது தின்னத்தக்கது என்று ஆகிவிடாது. ‘உண்ணத்தக்கது’ என்ற சொல்லும், சேர்க்கப்பட்ட பொருள்களின் பட்டியலும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2018ஆம் ஆண்டு பிறந்தநாள் கேக்மேல் பூசிய மினுக்குத் தூளால் குழந்தைகள் வாந்தியெடுத்து நோயுற்றார்கள். அந்தத் தூளில் இருந்தது செம்பு. கைவேலைப் பெட்டியில் இருக்கும் மினுக்கை, அழகாக இருக்கிறதே என்று எடுத்துத் தூவிவிடாதீர்கள்.

வேறு வீட்டுக் குழந்தைகளும் வருகிறார்கள். ஒவ்வாமை பற்றி என்ன செய்வது?

பொருள் வாங்குவதற்கு முன்பே ஒவ்வொரு பெற்றோரிடமும் கேட்டுவிடுங்கள். கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, மரக்கொட்டைகள், எள் ஆகியவை அடிக்கடி ஒவ்வாமை உண்டாக்குபவை. இவற்றில் பல இந்த ஒரே மேசையில் கூடிவிடும். ஒரு குழந்தைக்கு ஆகாத பொருளை அன்றைக்கு எல்லோருக்குமே நீக்கிவிடுவதுதான் பாதுகாப்பு, ஏனெனில் ஒரே கரண்டியும் ஒரே கிண்ணமும் எப்படியும் கை மாறும்.

விரலை நக்கிக்கொண்டே ஒட்டுகிறார்கள். இதைத் தடுப்பது எப்படி?

தடுக்க முடியாது, வழியை மாற்றிவிடலாம். தொடங்குவதற்கு முன் சோப்புப் போட்டு இருபது நொடி கை கழுவச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு சிறு கிண்ணங்கள் கொடுங்கள்: ஒன்று வீட்டுக்கு, ஒன்று வாய்க்கு. வாய்க்கிண்ணத்தில் ஐந்தாறு துண்டுகளை மட்டும் வைத்து, அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் தின்னலாம் என்று சொல்லிவிட்டால், வீட்டுக்கிண்ணம் பெரும்பாலும் தப்பிவிடும். பக்கத்தில் ஈரத் துண்டு இருக்கட்டும். தன் வீட்டைத் தானே தின்னப்போகும் குழந்தை ஒருமுறை விரலை நக்கிவிட்டால் அதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம்.

இவ்வளவு சர்க்கரை குழந்தைக்கு நல்லதா?

அதிகம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. உணவில் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல், ஒரு நாளைய மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. ஒரு பிஸ்கட் வீட்டின் பசையில் மட்டுமே 200 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை செய்யுங்கள், சிறிய வீடாகக் கட்டுங்கள், பலரோடு பகிர்ந்து பல நாளாகத் தின்னுங்கள், தடித்த பசைக் கட்டிகளைத் தின்னாமல் எடுத்துப் போட்டுவிடுங்கள். தின்று முடித்ததும் வாய் கொப்பளித்து, இரவில் பல் துலக்க வையுங்கள். குழந்தைக்கு இதில் கிடைக்கும் பெரிய இன்பம் கட்டுவதில்தான் என்பதையும் நீங்களே காண்பீர்கள். பல குழந்தைகள் கூரையில் ஒரு விள்ளல் தின்றவுடன் போதும் என்று எழுந்துவிடுகிறார்கள்.

கோணலாகக் கட்டுகிறார்கள். நான் சரிசெய்து கொடுக்கலாமா?

விழப்போகிறது என்றால் மட்டும் கேட்டுவிட்டுக் கை கொடுங்கள். கோணலாக நிற்கிறது, எல்லா மிட்டாயும் ஒரே பக்கத்தில் குவிந்திருக்கிறது, கதவு கூரையில் இருக்கிறது என்பவை திருத்த வேண்டிய பிழைகள் அல்ல. கூரையில் ஏன் கதவு என்று கேட்டுப் பாருங்கள்; பறவைகள் வந்து போவதற்கு என்று விடை வரலாம். குழந்தை தூங்கிய பிறகு அழகுபடுத்தி வைப்பதும் வேண்டாம், காலையில் எழுந்து வந்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு குழந்தைகள் இருந்தால் ஆளுக்கொரு சிறு வீடு கொடுத்துவிடுங்கள். ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னால் வேலையைவிட வழக்குத்தான் அதிகமாகும்.

மழை நாளில் பசை காயவே மாட்டேன் என்கிறது. ஏன்?

சர்க்கரையும் பிஸ்கட்டும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையவை. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் பசையிலுள்ள தண்ணீர் வெளியேறுவதும் தாமதமாகும். மின்விசிறிக் காற்று படும்படி வைத்து, காய்வதற்கான நேரத்தை இரு மடங்காக்கிக்கொள்ளுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். வெளியே எடுத்தவுடன் வீடு முழுக்க வியர்த்து, நிறங்கள் வழிந்துவிடும். கட்டுவதற்கு முன்பே பிஸ்கட் நமத்திருந்தால் 150 டிகிரி ஓவனில் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் வைத்து, ஆறவிட்டால் மீண்டும் மொறுமொறுப்பாகும்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்? எறும்பு வராதா?

தின்பதாக இருந்தால் முழுதாகக் காய்ந்த பிறகு காற்றுப் புகாத பெரிய டப்பாவில் வைத்து ஒரு வாரத்துக்குள் தின்றுவிடுவது நல்லது. மேசைமேல் திறந்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் தூசி படிந்து, பிஸ்கட் நமத்துவிடும். எறும்புக்கு, அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் வீடு இருக்கும் தட்டை வையுங்கள். தட்டின் ஓரம் தாம்பாளத்தையோ சுவரையோ தொடாமல் இருக்க வேண்டும், தொட்டால் எறும்புக்கு அதுவே பாலமாகிவிடும்.

உடைத்துத் தின்னக் கூடாது என்று குழந்தை அடம்பிடிக்கிறது. என்ன செய்வது?

இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிறகு நாலா பக்கமிருந்தும் புகைப்படம் எடுத்து, எந்தப் பகுதியை முதலில் எடுக்கலாம் என்று குழந்தையிடமே கேளுங்கள். பெரும்பாலும் புகைபோக்கியோ பின்சுவரோதான் முதலில் போகும். முன்வாசல் கடைசிவரை நிற்கும். எங்கள் வீட்டில் ஒருமுறை வாசல் கதவாக இருந்த சின்ன பிஸ்கட்டை மட்டும் குழந்தை எடுத்துத் தாளில் சுற்றிப் பத்திரப்படுத்திக்கொண்டாள். அடுத்த வீடு கட்டும்போது அதைத்தான் முதலில் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நமத்து ஓரம் உதிர்ந்திருந்த அதைத் தின்னக் கூடாது என்று பேசி முடிவு செய்துகொண்டு, புதிய சுவரில் கதவாக ஒட்டினோம்.